எது வெளியே போகலாம்? மூடிய அணு உலைகளின் மிச்சப்பொருளை அளக்கும் வேலை

ஜெர்மனியின் பால்டிக் கடற்கரையில், கிரைஃப்ஸ்வால்ட் நகரத்துக்குப் பக்கத்தில் லுப்மின் என்ற ஊர் இருக்கிறது. சோவியத் வடிவமைப்பில் கட்டிய ஐந்து அணு உலைகள் அங்கே ஓடின. இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றான 1990ஆம் ஆண்டு முடிவதற்குள் அவை நிறுத்தப்பட்டன. 1995இல் பிரித்தெடுக்கும் வேலை தொடங்கியது. அந்த வளாகத்தின் மொத்தப் பொருள் சுமார் 18 லட்சம் டன் எனக் கணக்கிட்டார்கள். யுரேனிய எரிபொருள் அதில் மிகச் சிறிய பங்கு. மற்றதெல்லாம் கான்கிரீட், முறுக்குக் கம்பி, குழாய்கள், பம்புகள், கேபிள்கள், இரும்புப் படிக்கட்டுகள், கதவுகள், மேசை நாற்காலிகள். ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும்: இது வெளியே போகலாமா, கூடாதா?

அணுக்கழிவு என்றால் நாம் பெரும்பாலும் எரிந்து முடிந்த எரிபொருளைத்தான் நினைக்கிறோம். அது கொடியதுதான். ஆனால் அதில் ஐயத்துக்கு இடமில்லை. எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று தெரியும். அதை யாரும் காயலான் கடைக்கு அனுப்பப் போவதில்லை. ஐயமெல்லாம் மிச்சமுள்ள லட்சக்கணக்கான டன்னில்தான். அதன் பெரும்பகுதி எந்த ஆலையை இடித்தாலும் கிடைக்கிற சாதாரண இரும்பும் கல்லும். சில விழுக்காடு மட்டுமே நிரந்தரக் கிடங்குக்குப் போக வேண்டியது. இரண்டையும் பிரிக்கும் கோட்டை வரைவது அளவை. அது ஒரு பக்கம் தவறினால், மாசில்லாத இரும்பைக் காலகாலத்துக்கும் காவலில் வைத்துப் பணத்தைக் கொட்டுவோம். மறுபக்கம் தவறினால், மாசுபட்ட கம்பியை யாரோ ஒருவர் வீட்டுத் தூணுக்குள் வைத்துக் கட்டிவிடுவோம்.

இந்த அளவையைப் பற்றி உலகம் இதுவரை கற்றதையும் இன்னும் தடுமாறுகிற இடங்களையும் இங்கே தொகுத்துப் பார்க்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கருவி காட்டும் எண் அளவையில் பாதிதான். மறுபாதி அந்தப் பொருளின் வரலாறு. வரலாறு தொலைந்த பொருளை எவ்வளவு உயர்ந்த கருவியாலும் முழுமையாக அளக்க முடியாது. அந்த வரலாற்றை உலை ஓடும்போதே எழுதத் தொடங்கியிருக்க வேண்டும்.

கோடு எங்கே இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். விடுவிக்கப்பட்ட பொருளால் ஒருவருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 10 மைக்ரோசீவர்ட்டுக்கு மேல் கதிர்வீச்சு சேரக்கூடாது என்பது 1988இல் சர்வதேச அணுசக்தி முகமை முன்வைத்த கொள்கை. இயற்கையாகவே மண், காற்று, உணவு, விண்வெளி ஆகியவற்றிலிருந்து நாம் பெறுவது உலகச் சராசரியில் ஆண்டுக்கு 2,400 மைக்ரோசீவர்ட். ஆக, அனுமதிக்கப்படும் கூடுதல் அதில் இருநூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இவ்வளவு சிறிய கூடுதலை எந்த மனிதர் மேலும் நேரடியாக அளந்து காட்ட முடியாது. எனவே கணக்கைத் திருப்பிப் போடுகிறார்கள். பழைய இரும்பை வெட்டும் தொழிலாளி, உருக்காலையில் தூசை அள்ளுபவர், அந்த இரும்பில் செய்த பொருளோடு வாழ்பவர், இடிபாடு கொட்டிய நிலத்தில் கிணறு தோண்டியவர் என்று பலரையும் கற்பனையில் நிறுத்தி, அவர்களில் மிக அதிகம் பாதிக்கப்படக்கூடியவருக்கும் அந்த 10 மைக்ரோசீவர்ட் தாண்டாமல் இருக்க, ஒரு கிராம் பொருளில் எவ்வளவு கதிரியக்கம் இருக்கலாம் என்று பின்னோக்கிக் கணக்கிடுகிறார்கள். 2004இல் அதே முகமை வெளியிட்ட வழிகாட்டியில் அந்த எண்கள் உள்ளன. கோபால்ட்-60, சீசியம்-137, புளூட்டோனியம்-239 ஆகியவற்றுக்குக் கிராமுக்கு 0.1 பெக்கரல். ஸ்ட்ரான்சியம்-90க்கு 1. நிக்கல்-63, ட்ரிட்டியம் இரண்டுக்கும் 100. இரும்பு-55க்கு 1,000.

கிராமுக்கு 0.1 பெக்கரல் என்றால் ஒரு கிலோ இரும்பில் நொடிக்கு நூறு அணுக்கள் சிதைகின்றன என்று பொருள். நம் உடலில் இயற்கையாக உள்ள பொட்டாசியம்-40 மட்டுமே கிலோவுக்கு ஏறத்தாழ 60 பெக்கரல் தருகிறது. இந்த ஒப்பீட்டைக் காட்டி மக்களின் கவலையைத் தள்ளிவிடுவது சிலருக்கு வழக்கம். அது நேர்மையான வாதம் அல்ல. பொட்டாசியம்-40 பத்துச் சிதைவுக்கு ஒருமுறைதான் காமாக் கதிரை வெளியிடுகிறது. கோபால்ட்-60 ஒவ்வொரு சிதைவிலும் இரண்டு காமாக் கதிர்களை வெளியிடுகிறது. எல்லைகள் இவ்வளவு கீழே வைக்கப்பட்டிருப்பதற்குக் காரணம் உண்டு.

பல ஐசோடோப்புகள் கலந்திருந்தால் ஒவ்வொன்றையும் அதன் எல்லையால் வகுத்து, கிடைக்கும் பின்னங்களைக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை ஒன்றைத் தாண்டக்கூடாது. ஒரு குழாய்த் துண்டில் கோபால்ட்-60 கிராமுக்கு 0.05, சீசியம்-137 0.03, நிக்கல்-63 10 என்று வைத்துக்கொள்வோம். பின்னங்கள் 0.5, 0.3, 0.1. மொத்தம் 0.9, துண்டு வெளியே போகலாம். அதே துண்டில் ஸ்ட்ரான்சியம்-90 வெறும் 0.2 பெக்கரல் இருந்தால் மொத்தம் 1.1; போகக்கூடாது. ஸ்ட்ரான்சியத்திலிருந்து காமாக் கதிர் வருவதில்லை. குழாய்க்கு வெளியே பிடித்த கருவிக்கு அது இருப்பதே தெரியாது. அளவையின் சிக்கல் முழுவதும் இந்தச் சிறு கணக்கிலேயே இருக்கிறது.

மாசு இரண்டு வழியில் வருகிறது. ஒன்று, ஒட்டிக்கொள்வது. உலையின் நீர்ச்சுற்றில் உலோகம் அரித்து நுண்துகளாகி, உலையின் நடுப்பகுதி வழியே போய்க் கதிரியக்கம் பெற்று, குழாய்களின் உட்சுவரில் படிகிறது. எரிபொருள் உறையில் விரிசல் விழுந்தால் சீசியமும் ஸ்ட்ரான்சியமும் சேர்ந்துகொள்ளும். இது மேற்பரப்புச் சிக்கல். கழுவலாம், சுரண்டலாம், அமிலத்தில் முக்கலாம். மற்றது, பொருளே மாறிப்போவது. நியூட்ரான் பாய்ந்த எஃகில் கலப்பாக இருந்த சிறிதளவு கோபால்ட், கோபால்ட்-60 ஆகிறது. உலையைச் சூழ்ந்த கவசச் சுவரின் கான்கிரீட்டில் பத்து லட்சத்தில் ஓரிரு பங்கு இருக்கும் யூரோப்பியம், யூரோப்பியம்-152 ஆகிறது. இதை எந்தக் கழுவலும் எடுக்காது. எந்த ஆழம் வரை போயிருக்கிறது என்று அறியச் சுவரில் துளையிட்டு உருளை உருளையாகக் கான்கிரீட்டை எடுத்து, வில்லைகளாக நறுக்கி அளக்க வேண்டும்.

மேற்பரப்பு மாசிலும் எல்லாம் எளிதில் அகப்படாது. புளூட்டோனியம் போன்றவை வெளியிடும் ஆல்பாக் கதிர் காற்றில் சில சென்டிமீட்டருக்கு மேல் போகாது. ஒரு பூச்சு வண்ணம், ஒரு துரு அடுக்கு, கொஞ்சம் ஈரம் போதும், அது மறைந்துவிடும். 1974இல் அமெரிக்க ஒழுங்காற்று அமைப்பு வெளியிட்ட மேற்பரப்பு எல்லை, புளூட்டோனியம் போன்றவற்றுக்கு 100 சதுர சென்டிமீட்டரில் சராசரியாக நிமிடத்துக்கு 100 சிதைவு. இதில் ஐந்தில் ஒன்றைக் கருவி பிடிக்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். பத்து சென்டிமீட்டர் அகலக் கருவியை நொடிக்கு ஐந்து சென்டிமீட்டர் வேகத்தில் சுவரில் நகர்த்தினால், ஓர் இடத்தின் மேல் அது இருக்கும் நேரம் இரண்டு நொடி. அந்த நேரத்தில் பதிவாக வேண்டிய எண்ணிக்கை ஒன்றுக்கும் குறைவு. அதாவது, எல்லையளவு மாசுள்ள சுவரின் மேல் ஒழுங்காகக் கருவியை ஓட்டியும் ஒரு சத்தமும் கேட்காமல் போகலாம். அதனால்தான் அனுபவமுள்ள அளவையாளர்கள் ஒரே ஒரு ‘டிக்’ கேட்டாலும் அங்கேயே நின்று காத்திருக்கிறார்கள். ஒரு நாளில் அவர்கள் முடிக்கும் சுவர் மிகக் குறைவு. அந்தப் பொறுமைக்கு ஒப்பந்தத்தில் கூலி ஒதுக்கப்படுகிறதா என்பது தொழில்நுட்பக் கேள்விக்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல.

எளிதில் பெயர்ந்து வரும் மாசை அறியத் துடைப்புச் சோதனை இருக்கிறது. வட்டமாக வெட்டிய வடிதாளால் 100 சதுர சென்டிமீட்டர் பரப்பைத் துடைத்து, தாளைக் கருவியில் வைப்பார்கள். பெயரக்கூடிய மாசில் பத்தில் ஒரு பங்குதான் தாளுக்கு வரும் என்பது வழக்கமாகக் கொள்ளும் அனுமானம். துடைக்கும் கையின் அழுத்தம், பரப்பின் சொரசொரப்பு, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் அந்தப் பத்தில் ஒன்றை மாற்றும். நீண்ட குழாயின் உட்புறத்துக்குக் கை எட்டாது. குழாயை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து உட்புறத்தைத் திறந்து காட்டினால்தான் நம்பத்தகுந்த அளவை கிடைக்கும். குறுகிய குழாய்களைப் பல நேரம் அளக்காமலேயே கழிவாகச் சேர்த்துவிடுவது மலிவு.

காமாவுக்கு நிலைமை எவ்வளவோ மேல். 300 கிலோ இரும்பில் கிராமுக்கு 0.05 பெக்கரல் கோபால்ட்-60 இருந்தால், நொடிக்கு 30,000 காமாக் கதிர்கள் புறப்படுகின்றன. பாதிக்குமேல் இரும்புக்குள்ளேயே அடங்கினாலும், நாலாபுறமும் ஒளிரும் பிளாஸ்டிக் உணரிப் பலகைகள் பதித்த கவசப் பெட்டிக்குள் அந்த இரும்பை வைத்தால் சில நிமிடத்தில் விடை வந்துவிடும். ஜெர்மனியில் விடுவிப்பு அளவைக்கு இத்தகைய பெட்டிகள்தான் பெரிதும் பயன்படுகின்றன.

அங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. காலியான பெட்டியில் பின்னணிக் கதிர்வீச்சை முதலில் அளந்து, பிறகு இரும்பை வைத்து அளந்து, முதலாவதைக் கழிப்பார்கள். ஆனால் உள்ளே வைத்த இரும்பே வெளியிலிருந்து வரும் கதிர்களை மறைக்கிறது. பின்னணி குறைந்துவிடுகிறது. பழைய பின்னணியையே கழித்தால் விடை பூச்சியத்துக்குக் கீழே போகும். உண்மையான மாசு அந்தப் பள்ளத்துக்குள் ஒளிந்துகொள்ளும். எடைக்கும் வடிவத்துக்கும் ஏற்பத் திருத்தம் செய்யாத பெட்டி பார்க்கத்தான் துல்லியமாக இருக்கும். மழையும் கணக்கைக் கெடுக்கும். ரேடான் வாயுவின் சிதைவுப்பொருள்களை மழை காற்றிலிருந்து கழுவித் தரையிறக்குவதால் பின்னணி சட்டென்று ஏறி, சில மணி நேரத்தில் இறங்கும். பிளாஸ்டிக் போன்ற பரப்புகளில் அதே பொருள்கள் ஒட்டிக்கொண்டு பொய் எச்சரிக்கை தரும்; ஒரு நாள் காத்திருந்து மறுபடி அளப்பதே தீர்வு. மிக நுண்ணிய அளவைக்கூடங்களில் கருவியின் கவசத்துக்கே தூய இரும்பு வேண்டும். 1945க்குப் பிறகு உருக்கிய எஃகில் அணுகுண்டுச் சோதனைகளின் தூசும், ஊதுலைச் சுவரின் தேய்மானத்தை அறியப் பதித்த கோபால்ட்டும் கலந்துவிட்டன. அதனால் 1919இல் ஸ்காட்லாந்தின் ஸ்காபா ஃப்ளோவில் ஜெர்மன் மாலுமிகளே மூழ்கடித்த போர்க்கப்பல்களின் எஃகை எடுத்து அளவைக்கூடக் கவசங்களுக்குப் பயன்படுத்தினார்கள்.

“எதுவும் கண்டறியப்படவில்லை” என்ற சொற்றொடரைப் படிக்கும் ஒவ்வொருவரும் அமெரிக்க வேதியியலாளர் லாயிட் கரி 1968இல் எழுதிய கட்டுரையின் சாரத்தையாவது அறிந்திருக்க வேண்டும். கதிரியக்கச் சிதைவு தற்செயல் நிகழ்வு என்பதால் எண்ணிக்கை எப்போதும் ஏறி இறங்கும். பின்னணி எண்ணிக்கை 100 என்றால், நிகர எண்ணிக்கை 23ஐத் தாண்டினால்தான் “ஏதோ இருக்கிறது” என்று சொல்லலாம். உறுதியாகப் பிடிபட வேண்டுமானால் உண்மையான மாசு ஏறத்தாழ 49 எண்ணிக்கை தருவதாக இருக்க வேண்டும். இடைப்பட்டது சில சமயம் பிடிபடும், சில சமயம் தப்பும். அளக்கும் நேரத்தை நான்கு மடங்காக்கினால்தான் கண்டறியும் எல்லை பாதியாகக் குறையும். ஆகவே “கண்டறியப்படவில்லை” என்ற அறிக்கையில் எவ்வளவு வரை கண்டறியக்கூடிய கருவி, எத்தனை நிமிடம் அளந்தது என்பது இல்லையென்றால் அந்த வாக்கியத்துக்கு மதிப்பில்லை. இதை ஓர் அறிவியல் நுணுக்கமாக மட்டும் நான் கருதவில்லை. அந்த வளாகத்தைச் சுற்றி வாழ்பவர்கள் கேட்டுப் பெற வேண்டிய உரிமை அது.

கான்கிரீட்டில் பின்னணி வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. கல்லிலும் மணலிலும் உள்ள பொட்டாசியம், தோரியம், யுரேனியம் எல்லாம் சேர்ந்து கிலோவுக்குப் பல நூறு பெக்கரல் தரும். தேடுவதோ கிலோவுக்கு 100 பெக்கரல் எல்லையுள்ள யூரோப்பியம்-152. மொத்த எண்ணிக்கையைப் பார்த்து இங்கே எதுவும் சொல்ல முடியாது. ஒவ்வொரு காமாக் கதிரின் ஆற்றலையும் பிரித்தறிய வேண்டும். யூரோப்பியத்தின் ஒரு கோடு 1,408 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டில் வருகிறது. பொட்டாசியத்தின் கோடு 1,461இல். சோடியம் அயோடைடு உணரியில் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று சரிந்து கலந்துவிடும். மிகவும் குளிரூட்டிய ஜெர்மேனியம் உணரிதான் இரண்டையும் தனித்தனிக் கூர்முனைகளாகக் காட்டும். விலையும் பராமரிப்பும் அதிகம், ஆனால் வேறு வழியில்லை. கான்கிரீட்டுக்குள் புகுந்த ட்ரிட்டியம் இன்னும் மோசம். அதன் பீட்டாத் துகள் ஒரு தாளைக்கூடத் தாண்டாது. கான்கிரீட்டை எடுத்துச் சூடாக்கி, வெளிவரும் நீராவியைக் குளிர்வித்து, ஒளிர்திரவத்தில் கலந்து எண்ண வேண்டும்.

இப்படி ஒவ்வொரு துண்டையும் ஆய்வகத்துக்கு அனுப்பினால் 18 லட்சம் டன் எந்தக் காலத்திலும் முடியாது. எனவே உலகம் முழுவதும் ஒரு குறுக்குவழியை ஏற்றிருக்கிறது. சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு 2007இல் அதற்குத் தரமும் வகுத்தது. உலையின் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் சில மாதிரிகளை எடுத்து, எல்லா ஐசோடோப்புகளையும் முழுமையாக ஆராய்ந்து, ஒன்றுக்கொன்று என்ன விகிதத்தில் உள்ளன என்று பட்டியல் இடுவார்கள். பிறகு களத்தில் எளிதில் அளக்கக்கூடிய கோபால்ட்-60ஐயோ சீசியம்-137ஐயோ மட்டும் அளந்து, மற்றவற்றைப் பட்டியலின் விகிதப்படி கணக்கிடுவார்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சரிதான். ஆனால் அது ஒரே பானையில் வெந்த சோற்றுக்குப் பொருந்துமே தவிர, ஒவ்வொரு வால்வும் வெவ்வேறு வெப்பத்திலும் ரசாயனத்திலும் முப்பது, நாற்பது ஆண்டுகள் கிடந்த வளாகத்துக்கு அப்படியே பொருந்தாது. எந்த ஆண்டில் ஓர் எரிபொருள் தண்டு கசிந்தது, அந்த நீர் எந்தத் தொட்டிக்குப் போனது, தொட்டி எப்போது கழுவப்பட்டது என்பதெல்லாம் விகிதத்தைத் தீர்மானிக்கின்றன. வரலாறு அளவையில் பாதி என்று நான் சொன்னதன் பொருள் இதுதான்.

காலம் இந்தப் பட்டியலை ஓயாமல் மாற்றிக்கொண்டும் இருக்கிறது. கோபால்ட்-60இன் அரை ஆயுட்காலம் 5.27 ஆண்டு. நிக்கல்-63க்கு ஏறத்தாழ 100 ஆண்டு. உலை நின்ற அன்று இரண்டும் சமமாக இருந்த ஒரு குழாயை எடுத்துக்கொள்வோம். 30 ஆண்டில் கோபால்ட் ஐம்பதில் ஒரு பங்காகிவிடும். நிக்கல் ஐந்தில் நான்கு பங்கு இருக்கும். 60 ஆண்டில் கோபால்ட் சுமார் 2,700இல் ஒரு பங்கு. நிக்கல் இன்னும் மூன்றில் இரண்டு பங்கு. அப்போது கோபால்ட் கிராமுக்கு 0.05 பெக்கரல் என்று கருவி காட்டினால், அது எல்லையில் பாதிதானே என்று தோன்றும். ஆனால் அதோடு நிக்கல் 88 பெக்கரல் இருக்கும். பின்னங்கள் 0.5, 0.88. மொத்தம் 1.38. குழாய் வெளியே போகக்கூடாது. கருவியோ கோபால்ட்டைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

பிரிட்டன் தன் பழைய மேக்னாக்ஸ் வகை உலைகளுக்கு வகுத்த வழி இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. எரிபொருளை எடுத்துவிட்டு, கட்டடத்தை மூடி, பல பத்தாண்டுகள் காத்திருந்து பிறகு இடிப்பது அந்த வழி. எஸ்ஸெக்ஸ் கடற்கரையின் பிராட்வெல் 2018இல் அப்படி முதலில் மூடப்பட்டது. தொழிலாளர்கள் ஏற்கும் கதிர்வீச்சு குறையும் என்ற வாதம் உண்மை, அதை எளிதாக ஒதுக்க முடியாது. ஆனால் ஆபத்தைக் குறைக்கும் அதே காலம் அளப்பதற்கான பிடியையும் எடுத்துப் போகிறது. உலையில் வேலை செய்தவர்கள் மறைந்துவிடுவார்கள். வரைபடங்கள் எந்த அலமாரியில் என்பது மறந்துபோகும். பிரிட்டனிலும் இப்போது இந்தக் கொள்கை மறுபரிசீலனைக்கு வந்து, வேல்ஸின் ட்ராஸ்வினித் போன்ற இடங்களில் காத்திராமல் வேலையைத் தொடங்கும் முடிவு எடுக்கப்பட்டிருக்கிறது. காலம் ஒன்றைப் பறிக்கும்போது இன்னொன்றைச் சிறிது தருகிறது என்பதும் உண்டு: புளூட்டோனியம்-241 சிதைந்து அமெரிசியம்-241 ஆகிறது; அதன் மெலிந்த 59.5 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் காமா, முன்பு கண்ணுக்குத் தெரியாதிருந்த ஆல்பா மாசைக் காட்டிக்கொடுக்கும்.

உலோகத்துக்கு மட்டும் இன்னொரு நல்ல வழி இருக்கிறது: உருக்குவது. ஸ்வீடனின் ஸ்டூட்ஸ்விக்கிலும் ஜெர்மனியின் கிரேஃபெல்டிலும் இதற்கென்றே தனி உலைகள் உண்டு. உருகிய உலோகத்தில் கோபால்ட் சீராகக் கலந்து தங்கும். யுரேனியமும் புளூட்டோனியமும் பெரும்பாலும் கசடுக்குப் போகும். சீசியம் ஆவியாகித் தூசு வடிகட்டியில் சேரும். வார்த்த கட்டியிலிருந்து எடுத்த ஒரு சிறு மாதிரி அப்போது உண்மையிலேயே முழுக் கட்டியையும் சொல்லும். உருக்குதலை வெறும் மறுசுழற்சியாகப் பார்க்கிறவர்கள் அதன் அளவைப் பயனைத் தவற விடுகிறார்கள். அதே நேரத்தில் மாசுபட்டதையும் படாததையும் வேண்டுமென்றே கலந்து எல்லைக்குக் கீழே கொண்டுவருவது ஏமாற்று. பெரும்பாலான நாடுகளின் விதிகள் அதைத் தடுக்கின்றன.

சீசியம் தூசோடு போகும் என்பதை உலகம் 1998 மே 30 அன்று கசப்பாகக் கற்றது. ஸ்பெயினின் லோஸ் பாரியோஸில் ஓர் எஃகு ஆலையில், பழைய இரும்போடு வந்த சீசியம் மூலம் ஒன்று நுழைவாயில் கருவிக்குத் தப்பி உலைக்குள் போய்விட்டது. வார்த்த எஃகில் சிக்கல் இல்லை. தூசுதான் மாசுபட்டது, புகைபோக்கி வழியே வெளியேறியது. பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து, ஜெர்மனி வரை காற்றில் சீசியம் பதிவானது. அதற்கு முன்பே மெக்சிகோவின் சியுடாட் ஹுவாரெஸில், கைவிடப்பட்ட புற்றுநோய் சிகிச்சைக் கருவி ஒன்று பழைய இரும்புக்கு விற்கப்பட்டு, அதன் ஆயிரக்கணக்கான கோபால்ட் குறுமணிகள் முறுக்குக் கம்பியிலும் மேசைக் கால்களிலும் கலந்தன. 1984 ஜனவரியில் அந்தக் கம்பி ஏற்றிய லாரி ஒன்று அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தை ஒட்டிப் போகையில் அங்கிருந்த எச்சரிக்கைக் கருவி ஒலித்ததால்தான் விஷயமே வெளியே வந்தது. கட்டி முடித்த நூற்றுக்கணக்கான வீடுகளை இடிக்க வேண்டியிருந்தது. 2010இல் டெல்லியின் மாயாபுரி பழைய இரும்புச் சந்தைக்கு ஏலத்தில் வந்த ஆய்வகக் கருவியின் கோபால்ட்டால் ஒரு தொழிலாளி இறந்தார்.

இம்மூன்றும் அணுமின் நிலையத்திலிருந்து வந்தவை அல்ல. மருத்துவமனை, ஆய்வகம் போன்ற இடங்களில் கணக்கில் இல்லாமல் கிடந்த மூலங்கள். மூடிய உலையிலிருந்து விதிப்படி வரும் இரும்பு அவற்றோடு ஒப்பிட எத்தனையோ மடங்கு பாதுகாப்பானது என்பதே என் மதிப்பீடு. ஆயினும் மக்களின் அச்சத்துக்கு இந்த நிகழ்வுகளே அடித்தளம். அந்த அச்சத்தை அறியாமை என்று சொல்ல எனக்கு மனமில்லை.

ஏனென்றால் அளவை பொய்யாகவும் இருந்திருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவின் ஹன்டர்ஸ் பாயின்ட் கடற்படைத் தளத்தில், 1946இல் பிகினி தீவில் நடந்த அணுகுண்டுச் சோதனையில் மாசுபட்ட கப்பல்களைக் கொண்டுவந்து கழுவினார்கள். கடற்படையின் கதிரியக்க ஆய்வகமும் 1969 வரை அங்கே இயங்கியது. பிற்பாடு நிலத்தைத் தூய்மைப்படுத்தி வீடுகள் கட்டத் திட்டமிட்டபோது, அளவைக்கு அமர்த்திய ஒப்பந்த நிறுவனத்தின் ஊழியர்கள், மாசுள்ள இடத்தின் மண்ணுக்குப் பதில் மாசில்லாத இடத்து மண்ணை மாதிரியாகக் கொடுத்தது வெளிவந்தது. மேற்பார்வையாளர் இருவருக்கு 2018இல் எட்டு மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. பெருமளவு தரவை நம்ப முடியாது என்றாகி, மறுபடி அளக்க வேண்டியதாயிற்று. அமெரிக்காவின் சொந்த வழிகாட்டி 1997 முதல் ஒரு சிறந்த விதியை வைத்திருந்தது: ஓர் இடம் மாசுபட்டது என்று வைத்துக்கொண்டே தொடங்கு, இல்லை என்று தரவு நிரூபிக்கட்டும். அதிக ஐயத்துக்குரிய கட்டடத் தளத்தை நூறு சதுர மீட்டர் கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் முழுமையாக அளக்கச் சொல்கிறது அது. மாதிரிப் பையில் எந்த மண் இருக்கிறது என்பதை எந்தப் புள்ளியியல் விதியாலும் பார்க்க முடியவில்லை.

நாடுகள் ஆளுக்கொரு வழியில் போனதை இந்தப் பின்னணியில் பார்க்கலாம். அமெரிக்க ஒழுங்காற்று ஆணையம் 1990இல் மிகக் குறைந்த கதிரியக்கமுள்ள பொருள்களை விடுவிக்கும் கொள்கையை அறிவித்தது. எதிர்ப்பு வலுத்து, 1992இல் நாடாளுமன்றச் சட்டமே அதை ரத்து செய்தது. 2000இல் எரிசக்தி அமைச்சர் பில் ரிச்சர்ட்சன் தன் துறையின் கதிரியக்கப் பகுதிகளிலிருந்து பழைய உலோகம் சந்தைக்குப் போவதை நிறுத்தினார். பிரான்ஸ் நெடுங்காலம் அளவையையே நம்பாமல் இடத்தை நம்பியது: கதிரியக்கப் பகுதி என்று வரைந்த எல்லைக்குள் இருந்த எதுவும் வெளியே போகாது, எவ்வளவு தூய்மையாக இருந்தாலும். ட்ரிகாஸ்தான் யுரேனிய ஆலையின் ஒரு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட எஃகு தேங்கி நின்ற பிறகு, 2022இல் உலோகத்துக்கு மட்டும் வாசல் கொஞ்சம் திறந்தது. ஜெர்மனி தொடக்கத்திலிருந்தே அளந்து விடுவிக்கும் நாடு. அங்கும் 2017இல் ஃப்ரைபுர்க்கில் கூடிய மருத்துவர் பேரவை, இடிபாடுகளைச் சாதாரணக் குப்பைமேட்டுக்கு அனுப்புவதன் ஆபத்தைக் குறைத்துப் பேசாதீர்கள் என்று எச்சரித்தது.

ஜப்பானில் முரண்பாடு எண்ணிலேயே தெரிகிறது. உலைகளிலிருந்து வரும் பொருளுக்கான விடுவிப்பு முறை 2005இல் சட்டமானது. 1998இல் நிறுத்திய டோக்காய் உலையின் உலோகத்தை உருக்கி இருக்கைகளும் செய்தார்கள். சீசியத்துக்கு அங்கே எல்லை கிலோவுக்கு 100 பெக்கரல். ஃபுகுஷிமா விபத்தில் மாசுபட்ட மண்ணைச் சாலைக்கரை போன்ற வேலைகளுக்குப் பயன்படுத்த அரசு வைத்த எல்லை 8,000. மேலே மாசில்லாத மண் மூடும், காவல் இருக்கும் என்பது அரசின் விளக்கம். கணக்கில் அதற்கு அடிப்படை உண்டு. ஆனால் ஒரே சீசியத்துக்கு எண்பது மடங்கு வித்தியாசத்தில் இரண்டு எண்களைக் கேட்ட குடிமகன், எண் எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் இருக்க மாட்டான்.

இந்தியாவில் மின் உற்பத்தி செய்த பெரிய உலை எதுவும் இன்னும் முழுமையாகப் பிரிக்கப்படவில்லை. ஆனால் தாராப்பூரின் முதல் உலைகள் 1969இலும் கல்பாக்கத்தின் முதல் உலை 1984இலும் மின்சாரம் தரத் தொடங்கின. பிரிக்கும் நாள் தொலைவில் இல்லை. அந்தச் செலவுக்காக விற்கும் ஒவ்வொரு யூனிட்டிலும் 2 பைசா ஒதுக்கப்படுகிறது. அணுசக்தி ஒழுங்காற்று வாரியத்தின் பிரித்தெடுப்புக் கையேடு வெளிவந்து 13 ஆண்டாகியும் நாட்டின் எந்த அணுமின் நிலையத்துக்கும் பிரித்தெடுப்புத் திட்டம் இல்லை என்று தலைமைக் கணக்குத் தணிக்கையர் 2012 அறிக்கையில் பதிவு செய்தார்.

பணத்தையும் திட்டத்தையும் விட எனக்குக் கவலை தருவது விகிதப் பட்டியல். கிரைஃப்ஸ்வால்டின் பட்டியலைக் கல்பாக்கத்துக்குக் கடன் வாங்க முடியாது. இங்கே கனநீர் உலைகள்; கனநீரில் நியூட்ரான் பாய்ந்து ட்ரிட்டியம் ஏராளமாக உருவாகிறது, கசிந்த இடமெல்லாம் கான்கிரீட்டுக்குள் ஊறுகிறது. காமாப் பெட்டி அதைப் பற்றி ஒன்றும் சொல்லாது. கல்பாக்கத்தின் இரு உலைகளிலும் 2002 முதல் 2005 வரை குளிர்விப்புக் குழாய்களை முழுமையாக மாற்றினார்கள்; புதிய குழாய்களின் உலோகக் கலவையில் நியோபியம் உண்டு, அதிலிருந்து பிறக்கும் நியோபியம்-94இன் அரை ஆயுட்காலம் 20,000 ஆண்டு. ஒரே உலையில் இரண்டு காலகட்டங்களின் இரண்டு விகிதங்கள் படிந்திருக்கும். கல்பாக்கம் கடற்கரை மணலிலேயே தோரியம் கலந்த மோனசைட் திட்டுத்திட்டாக இருப்பதால், நிலத்தின் பின்னணி அடிக்கு அடி மாறும். அந்தப் பின்னணி வரைபடமும், கட்டியபோது பயன்படுத்திய கல், மணல், எஃகு ஆகியவற்றின் மாதிரிகளும், எஃகில் எவ்வளவு கோபால்ட் இருந்தது என்ற ஆலைச் சான்றிதழ்களும், ஒவ்வொரு கசிவின் தேதியும் இடமும் ஒரே ஆவணத்தில் சேர வேண்டும். 1980களில் அங்கே குழாய் பொருத்தியவர்களும் கசிவைத் துடைத்தவர்களும் பலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுப் பதிவு செய்யலாம். மாற்றும்போது வெளியே எடுத்த பழைய குழாய்களில் செய்த ஆய்வுகளின் முடிவுகளைப் பொதுவில் வெளியிடலாம். வளாகத்துக்குத் தொடர்பில்லாத ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்திடம் அதே துண்டுகளைக் கொடுத்து இரண்டாம் முறை அளக்கச் சொல்லலாம். இவற்றில் எதற்கும் உலை நிற்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.